மூன்று படங்களால் ஒரு கனச்சதுரம்

சென்ற ஆண்டு அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்து வீடு திரும்பிய பிறகு, கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு பெரிய படம் வேண்டும் என்று தங்கை சொன்னாள். மாலை மாற்றும் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டுவதுதான் வழக்கம். ஆனால் எங்களிடம் 1990இல் எடுத்த மாலை மாற்றும் படம் ஒன்றும், இப்போது எடுத்த மாலை மாற்றும் படம் ஒன்றும், அன்று காலை அத்தை வாசலில் போட்ட கோலத்தின் படம் ஒன்றும் இருந்தன. மூன்றையும் ஒரே பெட்டியின் மூன்று பக்கங்களில் ஒட்டியதுபோல, ஒரு கனச்சதுரமாக அமைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த வேலையில் ஏறக்குறைய மூன்று வாரம் மூழ்கிக் கிடந்தேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதல் முயற்சியை ஒரே மாலையில் முடித்துவிட்டேன். ஒரு படத்தை இடப்புறம் சாய்த்து, மற்றொன்றை வலப்புறம் சாய்த்து, மூன்றாவதைத் தட்டையாக்கி மேலே வைத்து, விளிம்புகள் பொருந்தும்வரை கையால் இழுத்தேன். விளிம்புகள் பொருந்தின, பெட்டி மட்டும் வரவில்லை. மூன்று சாய்ந்த படங்கள் அருகருகே கிடந்தன, அவ்வளவுதான். ஏன் என்று யோசித்தபோது காரணம் மெல்லப் புலப்பட்டது. இடப்பக்கத்தைப் பார்க்கும் கண் ஓரிடத்திலும், வலப்பக்கத்தைப் பார்க்கும் கண் வேறோர் இடத்திலும் இருப்பதுபோல நான் சாய்த்திருந்தேன். அதோடு, மூன்று படங்களிலும் மூன்று திசைகளிலிருந்து வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. ஒரே கண்ணும் ஒரே விளக்கும் மூன்று பக்கங்களையும் ஆள வேண்டும். இதன் பிறகு செய்த ஒவ்வொரு வேலையையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே செய்தேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் கனச்சதுரத்துக்கு ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு உச்சிகள் என்று படித்திருப்போம். இங்கே மனித முகங்களைப் பற்றியும் நிறையப் பேச வேண்டியிருப்பதால், கனச்சதுரத்தின் முகத்தைப் பக்கம் என்றே எழுதுகிறேன்.

எந்தப் படம் எந்தப் பக்கத்துக்கு என்பதை முடிவுசெய்வதுதான் இந்த வேலையின் பாதி என்று இப்போது நம்புகிறேன். பக்கவாட்டில் திரும்பிய எந்தப் பக்கத்திலும் படம் குறுகும், சாயும். கட்டடமோ மரமோ குறுகினால் கண் பொருட்படுத்தாது. நன்கு அறிந்த ஒருவரின் முகம் சற்றுக் குறுகினாலும் உடனே தெரிந்துவிடும். ஆகவே சட்டத்தை நிறைக்கும் அளவுக்கு நெருக்கமாக எடுத்த முகப்படங்களைத் தவிர்த்து, இடுப்பளவோ முழு உருவமோ தெரியும் படங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பார்வையின் திசையும் முக்கியம். இடப்பக்கப் படத்தில் இருப்பவர் இடதுபுறமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், காண்பவரின் கண்ணும் அவரோடு சேர்ந்து பெட்டியை விட்டு வெளியே போய்விடும். நடுவிளிம்பை நோக்கிப் பார்ப்பவர்களாக இருந்தால் பெட்டி ஒன்றாக நிற்கும். எங்கள் இரண்டு படங்களிலும் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றதால் இந்தச் சிக்கல் எழவில்லை. பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம் என்று வைத்தேன்; நாம் படிக்கும் திசையிலேயே காலமும் நகர்கிறது.

மேற்பக்கத்துக்குப் பெரும்பாலோர் ஆட்களின் படத்தையே வைக்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. மேற்பக்கம் என்பது நாம் குனிந்து பார்க்கும் பரப்பு. அங்கே நிற்கும் மனிதரை வைத்தால், அவரை மேசைமேல் கிடத்தியதுபோல் ஆகிவிடும். இயல்பாகவே மேலிருந்து பார்க்கப்படும் பொருள்தான் அந்த இடத்துக்கு ஏற்றது. வாழை இலையில் பரிமாறிய சாப்பாடு, தாம்பாளத்தில் வைத்த மஞ்சள் குங்குமம், பூக்கோலம், புள்ளிக்கோலம் எல்லாம் அப்படிப்பட்டவை. இவற்றுள் புள்ளிக்கோலம் மிகவும் பொருத்தம். தரையில் கிடப்பதும் மேலிருந்து பார்ப்பதும் அதன் இயல்பு. எத்திசையில் திருப்பினாலும் தலைகீழாகத் தோன்றாது.

அத்தை போட்டது 15 புள்ளி, ஒன்று வரைக்கும் குறையும் நேர்ப்புள்ளிக் கோலம். அதன் வெளிவடிவம் வைரம்போல முனைகளில் நிற்கும். அதை 45 பாகை திருப்பினால் சதுரமாகி, பெட்டியின் மேற்பக்கத்தை விளிம்புக்கு விளிம்பு நிறைத்துவிடும். ஆனால் தங்கை அதை மொட்டைமாடியிலிருந்து எடுத்திருந்தாள். நேர்மேலிருந்து எடுக்காததால் கோலத்தின் அருகிலுள்ள பாதி அகன்றும், தொலைவிலுள்ள பாதி குறுகியும் இருந்தன. கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில், படத்தின் மூலைகளை இழுத்துச் சாய்க்கும் பெர்ஸ்பெக்டிவ் கருவியில், சாய்வை உண்டாக்குவதற்குப் பதிலாக இருக்கும் சாய்வை நீக்கும் ஒரு முறை உண்டு. கருவியின் திசையைக் கரெக்டிவ் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றியபின், கருவியின் கட்டக்கோடுகளைக் கோலப்புள்ளிகளின் வரிசைமேல் படியும்படி நான்கு மூலைகளையும் நகர்த்தினேன். புள்ளிகள் சம இடைவெளியில் வைக்கப்பட்டவை என்பதால், அவையே எனக்கு வரைபடத்தாளாக உதவின. அத்தையின் கை எவ்வளவு சீரானது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். நேராக்கிய பிறகு ஒரு புள்ளிகூட வரிசை பிசகியிருக்கவில்லை.

1990ஆம் ஆண்டுப் படத்துக்கு வேறு வகையான வேலை தேவைப்பட்டது. அக்காலத்து வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றச் சாயங்களைவிட விரைவில் மங்குவதால் படம் செம்மை பாய்ந்து போவதுண்டு; எங்கள் ஆல்பமும் அப்படித்தான் ஆகியிருந்தது. பிரதியின் அகலம் நான்கு அங்குலம். அதை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், ஸ்கேன் செய்ததில் குறுக்கே 2,400 பிக்சல் கிடைத்தது. வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் வெள்ளைப் புள்ளி எது என்று காட்டினால் வண்ணம் ஓரளவு தானே சீராகும். நான் யோசிக்காமல் அப்பாவின் வேட்டியைக் காட்டினேன். அவர் கட்டியிருந்தது பட்டு வேட்டி, அதன் இயல்பான நிறம் சந்தனம். சந்தன நிறத்தை வெள்ளை என்று சொன்னதும் மென்பொருள் அதை நம்பிப் படம் முழுவதிலும் நீலத்தை ஏற்றிவிட்டது. பின்னர், மணவறைத் தூணில் சுற்றியிருந்த வெள்ளைத் துணியைக் காட்டியபோது எல்லார் முகங்களும் உயிர்பெற்றன. பழைய திருமணப் படங்களைச் சீரமைப்பவர்கள் பட்டைத் தவிர்த்துப் பருத்தி வெள்ளையையோ சுண்ணாம்புச் சுவரையோ தேடிக் காட்டுவது நல்லது.

இனி மென்பொருள். நான் பயன்படுத்தியது கிம்ப். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் 1995இல் தொடங்கிய அது, இன்றும் விலையில்லாமல் கிடைக்கிறது. என் பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடுகிறது. அதன் ஃபில்டர்ஸ் மெனுவில், மேப் என்ற பிரிவுக்குள், மேப் ஆப்ஜெக்ட் என்று ஒரு வசதி உண்டு. அதில் பாக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், ஆறு பக்கங்களுக்கும் ஆறு படங்களைக் கொடுத்து, விரும்பிய கோணத்துக்குத் திருப்பி, விளக்கின் இடத்தையும் குறித்து, ஒரு பெட்டியைத் தானாகவே உருவாக்கிக்கொள்ளலாம். பக்கங்களுக்கான படங்கள் முன்கூட்டியே கிம்ப்பில் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் தென்படாது. படங்கள் சதுரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீட்டிச் சதுரத்துக்குள் அடைக்கப்படும்.

அவசரத்துக்கு அது போதும். எந்தக் கோணத்தில் திருப்பினால் எந்தப் படம் எவ்வளவு தெரியும் என்று பார்க்கும் வெள்ளோட்டத்துக்கும் அது அருமையான கருவி. பெரிய அளவில் அச்சிடும் படத்துக்கு மட்டும் நான் அதை நம்பவில்லை. மூன்று பக்கங்களும் ஒரே லேயரில், அதாவது படத்தின் ஒரே அடுக்கில், ஒட்டி வருவதால் ஒரு பக்கத்தின் இருளை மட்டும் குறைப்பது, ஒரு படத்தை மட்டும் மாற்றுவது போன்றவை கடினமாகிவிடுகின்றன. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் முன்பிருந்த முப்பரிமாண வசதிகளை அடோபி நிறுவனம் 2021 வாக்கில் விலக்கத் தொடங்கிவிட்டது. எனவே பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அந்த மெனுவைத் தேட வேண்டாம். படங்களை, மூலம் கெடாமல் மாற்ற உதவும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக்கொண்டு டிஸ்டார்ட் கட்டளையால் மூலைகளை இழுப்பதே அங்கு நல்ல வழி. கீழே நான் சொல்லும் எண்கள் இரண்டு மென்பொருளுக்கும் பொதுவானவை.

கண் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்றேன். அந்த இடத்தை எப்படி முடிவுசெய்வது? மிக எளிய வழி, மூன்று பக்கங்களும் சரிசமமாகத் தெரியும் நிலையைத் தேர்வதுதான். ஒரு பெட்டியை 45 பாகை திருப்பி, 35.26 பாகை முன்னோக்கிச் சாய்த்தால் இந்த நிலை வரும். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபேரிஷ் 1822இல் இயந்திரங்களை வரைந்து காட்டுவதற்காக இம்முறையை விளக்கி எழுதினார். ஐசோமெட்ரிக் வரைதல் என்று பொறியியல் படித்தவர்கள் அறிந்திருப்பது இதைத்தான். இதில் அருகிலுள்ள உச்சியில் மூன்று விளிம்புகள் சந்திக்கும். அவற்றுக்கு இடையே தலா 120 பாகை இருக்கும். பெட்டியின் வெளிக்கோடு ஓர் ஒழுங்கான அறுகோணமாக அமையும்.

எங்கள் ஊர் லேப்களில் 12க்கு 18 அங்குல அளவு எளிதில் கிடைக்கும். 300 டிபிஐ என்றால் அது 3,600க்கு 5,400 பிக்சல். இருபுறமும் ஓர் அங்குலம் விட்டால் பெட்டியின் அகலத்துக்கு 3,000 பிக்சல் மிஞ்சும். ஐசோமெட்ரிக் பெட்டியின் அகலம் அதன் விளிம்பைப்போல 1.732 மடங்கு, எனவே விளிம்பின் நீளம் 1,732 பிக்சல். பக்கவாட்டுப் பக்கம் ஒவ்வொன்றின் அகலமும் 1,500 பிக்சலாகக் குறுகும். அதன் ஓரங்களுள் ஒன்று மற்றதைவிட 866 பிக்சல் கீழே இறங்கி நிற்கும். மேற்பக்கம் 3,000 அகலமும் 1,732 உயரமும் கொண்ட சாய்சதுரமாகும். மூன்று படங்களையும் 1,732 பிக்சலுக்குக் குறையாத சதுரங்களாக வெட்டி வைத்துக்கொண்டால், எதையும் பெரிதாக்க வேண்டிய தேவை இராது.

படங்களைத் தொடுவதற்கு முன் எலும்புக்கூட்டை வரைந்துகொள்ள வேண்டும். வெற்றுத்தாளில் 300, 1,800, 3,300 ஆகிய மூன்று இடங்களில் நெடுக்குவாட்டில் கைட் கோடுகளை, அதாவது அச்சில் வராத வழிகாட்டிக் கோடுகளை, வைத்தேன். மேலிருந்து 700, 1,566, 2,432, 3,298, 4,164 ஆகிய ஐந்து இடங்களில் குறுக்குவாட்டில் வைத்தேன். கண்ணுக்குத் தெரியும் ஏழு உச்சிகளும் இந்தக் கோடுகளின் வெட்டுப்புள்ளிகளிலேயே விழும். நடுக்கோட்டில் 700இல் பின் உச்சி, 2,432இல் அருகிலுள்ள உச்சி, 4,164இல் அடி உச்சி. இரண்டு ஓரக் கோடுகளிலும் 1,566இலும் 3,298இலும் மற்ற நான்கு. கீழே மிஞ்சும் இடம் நிழலுக்கும், தேதிகளை எழுதுவதற்கும்.

இதன் பிறகு ஒவ்வொரு படத்தையும் தனித்தனி லேயராகக் கொண்டுவந்து, பெர்ஸ்பெக்டிவ் கருவியால் நான்கு மூலைகளையும் உரிய வெட்டுப்புள்ளிகளுக்கு இழுத்துவிட்டால் போதும். கைட் கோடுகளில் ஒட்டும் வசதியை இயக்கி வைத்திருந்தால் மூலைகள் தாமாகவே போய் அமரும். பல வழிகாட்டிகளில், முதலில் அகலத்தைக் குறை, பிறகு ஷியர் கருவியால் சாய், பிறகு சுழற்று, பிறகு நகர்த்து என்று நான்கு படிகள் சொல்லியிருப்பதைப் பார்த்தேன். கணக்கு சரிதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் மென்பொருள் எல்லாப் பிக்சல்களையும் புதிதாகக் கணக்கிட்டு எழுதுகிறது, ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் மங்குகிறது. முதல் முயற்சியில் அம்மாவின் புடவைச் சரிகை குழைந்து போனதற்கு இதுவே காரணம். நான்கு மூலைகளையும் வைத்துவிட்டு ஒரே தடவையில் மாற்றினால் ஒரே இழப்போடு முடியும். திருப்தி இல்லை என்றால், மாற்றிய படத்தை மறுபடி இழுக்காமல், மூலப்படத்தை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்காகவே மூலப்படங்களை மறைத்த லேயர்களாக அதே கோப்பில் வைத்திருந்தேன்.

மூன்று பக்கங்களும் அமர்ந்த பிறகு, அவை சந்திக்கும் இடங்களில் மயிரிழைபோல வெள்ளைக்கோடு தெரிந்தது. வெகுநேரம் மூலைகளை நகர்த்திப் பார்த்தும் அது மறையவில்லை. சாய்ந்த விளிம்புகள் படிக்கட்டுபோலத் தெரியாமல் இருப்பதற்காக, மென்பொருள் ஓரப் பிக்சல்களைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கிவிடுகிறது. கீழ்லேயர் ஐம்பது விழுக்காட்டை மறைக்கிறது. மேல்லேயர் மிச்சத்தில் பாதியை மறைக்கிறது. ஆக 75 விழுக்காடு மறைந்து, மீதி 25 விழுக்காட்டில் பின்புலத்தின் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. விளிம்புகள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் இது நடக்கும். மூன்று லேயர்களுக்கும் அடியில் அறுகோண வடிவில் ஓர் அடர்பழுப்பு லேயரை, வெளிவிளிம்பிலிருந்து இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி, வைத்தேன். வெள்ளைக்கோடு மறைந்து, பெட்டியின் மூலையில் இயல்பாக இருக்கக்கூடிய மெல்லிய இருண்ட கோடாக மாறியது. பிறகு, வலப்பக்கத்தின் நடுவிளிம்பையொட்டி மூன்று பிக்சல் அகலத்தில் சற்று வெளிறிய கோடு ஒன்றையும் சேர்த்தேன். உண்மையான பெட்டிகளின் விளிம்பு கத்திபோல் கூராக இருப்பதில்லை. சிறிதே மழுங்கிய அந்த ஓரம் வெளிச்சத்தைப் பிடிக்கும்.

இம்முறையில் எதிரெதிர் விளிம்புகள் இணையாகவே இருக்கின்றன, கண்ணால் காணும் உலகில் அப்படி இல்லையே என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் ஒரு முனையில் நின்று பார்த்தால், இருபுறத் தூண்களும் மேல்விதானமும் தரையும் தொலைவில் ஒரே புள்ளியை நோக்கிக் குவியும். பெட்டியின் இணைவிளிம்புகளும் அப்படித்தான் ஒரு மறைபுள்ளியை நோக்கிச் செல்ல வேண்டும். கட்டடங்கள், தெருக்கள், நிலக்காட்சிகள் ஆகியவற்றைக் கொண்டு பெட்டி செய்பவர்கள் அப்படிச் செய்வதே அழகு. அப்போது இடப்பக்கத்தின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு, மேற்பக்கத்தில் அவற்றுக்கு இணையான பின்விளிம்பு ஆகிய மூன்றையும் நீட்டினால் ஒரே இடத்தில் சந்திக்கின்றனவா என்று தனி லேயரில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். மூன்றும் சந்திக்காவிட்டால் பெட்டி கோணலாகத் தெரியும். மறைபுள்ளிகளைத் தாளுக்கு மிக அருகில் வைப்பதும் கூடாது. அருகிலுள்ள உச்சியின் மூன்று கோணங்களும் 90 பாகைக்கு மேல் இருந்தால்தான் கண் அதைக் கனச்சதுரத்தின் மூலை என்று ஏற்றுக்கொள்ளும். காட்சியறிவை ஆராய்பவர்கள் இதைப் பெர்கின்ஸ் விதி என்பார்கள்.

நான் இணைவிளிம்புகளையே வைத்துக்கொண்டேன். மறைபுள்ளி முறையில் நடுவிளிம்புக்கு அருகில் இருப்பவர் பெரிதாகவும் தள்ளி நிற்பவர் சிறிதாகவும் தெரிவார். இரண்டு பேர் சமமாக நிற்கும் திருமணப் படத்தில் ஒருவரைச் சிறிதாக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது வெளிச்சம். எலும்புக்கூடு சரியாக அமைந்த மகிழ்ச்சியில், வெளிச்சத்தைப் பற்றி யோசிக்காமலேயே தங்கை மகளிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்கு ஏழு வயது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "கோலத்தை ஏன் மாமா சீலிங்ல போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் கண்ணுக்கு அது பெட்டியாகத் தெரியவில்லை. அறையின் மூலையில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல, இரண்டு சுவர்களில் இரண்டு படங்களும் கூரையில் கோலமும் தெரிந்திருக்கின்றன. அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்படித் தெரியத் தொடங்கியது. மறுபடி பெட்டியாகப் பார்க்கக் கண்ணைக் கசக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தின் படிகவியல் அறிஞர் லூயி ஆல்பர்ட் நெக்கர் 1832இல் இதே அனுபவத்தை எழுதியிருக்கிறார்; படிகங்களின் கோட்டுருவங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை உட்புறம் வெளிப்புறமாக மாறிவிடுவதை அவர் கவனித்தார். கோடுகள் மட்டும் இருக்கும்வரை மூளைக்கு இரண்டு விடைகளும் சரியானவையே. எது பெட்டி என்று முடிவுசெய்து தருவது ஒளியும் நிழலும்தான்.

ஒரு பரப்பு விளக்கை நேராகப் பார்த்தால் முழு வெளிச்சம் பெறும்; விளக்கை விட்டு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு மங்கும். மேலிருந்து, சற்றே ஒருபுறமாக விழும் ஒளியில் மேற்பக்கம் மிகப் பிரகாசமாகவும், விளக்கின் பக்கம் நடுத்தரமாகவும், மறுபக்கம் இருண்டும் இருக்க வேண்டும். விளக்கு எந்தப் புறம்? இங்கே படங்களையே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. திருக்கடையூரில் எடுத்த படத்தில் பிரகாரத்தின் திறந்த பகுதியிலிருந்து காலை வெயில் வலப்புறமாக விழுந்து, அப்பாவின் வலப்பக்கத் தோளில் தெளிவாகத் தெரிந்தது. 1990ஆம் ஆண்டுப் படம் நேருக்கு நேராக ஃபிளாஷ் போட்டு எடுத்தது; அதற்கென்று ஒரு திசை இல்லை. ஆகவே விளக்கை வலப்புறம் வைத்தேன். பெட்டியின் ஒளியும் படத்துக்குள் இருக்கும் ஒளியும் எதிரெதிராக இருந்தால், ஏதோ தவறு என்று தோன்றும். எங்கே என்று சொல்லத் தெரியாது.

இருளைச் சேர்ப்பதற்கு ஒவ்வொரு பக்கத்தின்மேலும் கருப்பு நிரப்பிய ஒரு லேயரை, கீழே உள்ள படத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை முறையில் வைத்து, அதன் ஒபாசிட்டியை, அதாவது மறைக்கும் அளவை, குறைத்துக்கொண்டேன். வலப்பக்கத்துக்கு 12 விழுக்காடு, இடப்பக்கத்துக்கு 40 விழுக்காடு. பெட்டி எழுந்து நின்றது. சிறுமியும் இப்போது பெட்டி என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் அம்மா வந்து பார்த்துவிட்டு, "என் கல்யாணம் மட்டும் ஏன் இருட்டுல நடக்குது?" என்றார். அந்தக் கேள்விக்கு இயற்பியலில் விடை இருந்தாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடப்பக்கத்தின் இருளைப் படிப்படியாகக் குறைத்து, கூரையும் சுவருமாக மறுபடி புரளத் தொடங்குவதற்கு முன் எதுவரை போகலாம் என்று பார்த்தேன். 22 விழுக்காட்டில் நின்றது. முகங்கள் இருக்கும் மேல்பாதியில் இருள் குறைவாகவும் கீழே போகப் போக அதிகமாகவும் இருக்கும்படி ஒரு கிரேடியன்டால் அந்த லேயரைச் சீர்செய்த பிறகு, அம்மாவின் முகமும் தெளிந்தது; பெட்டியின் கனமும் குறையவில்லை. அடிப்பகுதிக்கு வெளிச்சம் குறைவாக வருவது இயல்பு என்பதால் இது பொய்யாகவும் தெரியவில்லை.

தரையில் விழும் நிழலில் பலரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். டிராப் ஷேடோ என்ற ஆயத்த வசதியை இயக்கியதும் பெட்டி காற்றில் மிதந்தது. அந்த வசதி சுவரிலிருந்து சற்று விலகி நிற்கும் தட்டையான பொருளுக்கு ஏற்றது. தரையில் அமர்ந்திருக்கும் பெட்டிக்குப் பொருந்தாது. விளக்கு வலப்புறம் என்பதால், இடப்பக்கத்தின் கீழ்விளிம்பிலிருந்து இடப்புறமாக 200 பிக்சல் நீளத்துக்கு ஒரு நாற்கரத்தைத் தேர்ந்தெடுத்து, அடர்பழுப்பு நிரப்பினேன். பிறகு அதை இரண்டு லேயர்களாக்கினேன். பெட்டியை ஒட்டிய ஒடுக்கமான நிழலுக்கு 8 பிக்சல் அளவிலும், அகன்ற நிழலுக்கு 60 பிக்சல் அளவிலும் ஓரத்தை மங்கலாக்கும் காஸியன் பிளர் என்ற ஃபில்டரைக் கொடுத்தேன். விளக்கு ஒரு புள்ளி அல்ல, அதற்கும் ஒரு பருமன் உண்டு. அதனால்தான் பொருளை விட்டு விலக விலக நிழலின் ஓரம் கரைகிறது. அந்த ஒடுக்கமான இருண்ட கோடு விழுந்த நொடியில் பெட்டி தரையில் உட்கார்ந்தது. கிம்ப்பின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்த பிறகு, இத்தகைய ஃபில்டர்களை நிரந்தரமாகப் பதிக்காமல், பின்னர் திறந்து எண்ணை மாற்றும்படி வைத்துக்கொள்ளலாம். நிழல் வேலைக்கு இது பெரிய உதவி.

அச்சுக்குக் கொடுத்தபோது ஒரு சங்கடம் நேர்ந்தது. முதலில் கொடுத்த லேபில், தாளின் ஓரம்வரை வண்ணம் வர வேண்டும் என்பதற்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி வெட்டியிருந்தார்கள். இடது ஓரத்தில் நிழலின் முனை வெட்டுப்பட்டு, பெட்டி ஒருபுறம் நெருக்கப்பட்டதுபோல ஆனது. இப்படி வெட்டப்படும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒன்றரை அங்குலமாவது விட்டிருப்பேன். இரண்டாம் முறை வேறிடத்தில், அளவை மாற்றாமல் அப்படியே அச்சிடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண அமைப்பில் ஜேபெக் கோப்பாகக் கொடுத்தது போதுமானதாக இருந்தது; பளபளப்பில்லாத மேட் தாளில் நிழல்கள் இன்னும் மென்மையாக வந்தன. இப்போது அது கூடத்தில், ஊஞ்சலுக்கு எதிரே தொங்குகிறது.

படத்தை மாட்டிய அன்று தங்கை மகள் சட்டத்தின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, மற்ற மூன்று பக்கங்களில் என்ன படம் இருக்கிறது என்று கேட்டாள். அதற்காக இப்போது ஓர் உண்மையான தாள்பெட்டி தயாராகிக்கொண்டிருக்கிறது. கனச்சதுரத்தை விரித்தால் பதினொரு வகையான வலைகள் கிடைக்கும். அவற்றுள் சிலுவை வடிவம் வெட்டி மடிக்க எளிது. அதே 12க்கு 18 அங்குலத் தாளில் 3.75 அங்குலப் பக்கம் கொண்ட வலை தாராளமாக அடங்கும். பக்கத்துக்கு 1,125 பிக்சல். எந்தப் படத்தையும் சாய்க்க வேண்டாம், இருட்டாக்கவும் வேண்டாம். அந்த வேலையைக் கூடத்து ஜன்னல் பார்த்துக்கொள்ளும். மடித்தபின் யாரும் தலைகீழாக நிற்காதபடி ஒவ்வொரு படத்தின் மேற்புறத்தையும் சரியான திசையில் வைப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பென்சிலால் எழுதி வெறுந்தாளில் ஒருமுறை மடித்துப் பார்த்ததில் இரண்டு பக்கங்கள் திரும்பியிருந்தன, அவற்றைத் திருத்திவிட்டேன். ஆறாவது பக்கத்துக்கு அவள் வரைந்த படத்தைக் கேட்டிருக்கிறேன். அது வந்ததும் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.